பூட்டுக் குறிக்குப் பின்னால்: குறியாக்கத்தைக் கட்டாயமாக்கிய செருகுநிரல்களின் வரலாறு

குறியாக்கப்பட்ட இணைப்பைக் கட்டாயமாக்கும் செருகுநிரலின் வேலை, சொல்லப்போனால், மிகச் சிறியது. எச்டிடிபி வழியாக வரும் கோரிக்கையை எச்டிடிபிஎஸ் வழிக்குத் திருப்பிவிட வேண்டும். பிறகு அந்த வழியை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த வேலையை உலாவியும் சர்வரும் தாமாகச் செய்யாததால், இரண்டுக்கும் வெளியே இருந்தவர்கள் எழுதிய நிரல்கள் பல ஆண்டுகள் அதைச் சுமந்தன. அப்படிப்பட்ட நிரல் ஒன்று எவ்வளவு பாதுகாப்பானது என்று மதிப்பிட, பூட்டுக் குறி தெரிகிறதா என்று பார்த்தால் போதும் என்பது தொடக்க கால எண்ணம். அது ஏன் போதவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

குறியாக்கத்துக்கான அடிப்படை நெறிமுறையை 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் உருவாக்கியது. எஸ்எஸ்எல் என்ற அந்த நெறிமுறையின் முதல் பதிப்பு வெளிவரவே இல்லை. இரண்டாம் பதிப்பு 1995இல் வந்தது. அதிலிருந்த குறைகளால் 1996இலேயே மூன்றாம் பதிப்பு தேவைப்பட்டது. 1999இல் டிஎல்எஸ் என்ற பெயரில் பொதுத் தரமானது. சாதாரணப் போக்குவரத்து 80ஆம் எண் வாயிலிலும் குறியாக்கப்பட்ட போக்குவரத்து 443ஆம் எண் வாயிலிலும் நடக்கும் என்ற ஏற்பாடு அன்றே அமைந்துவிட்டது. பின்னால் வந்த சிக்கல்களுக்கு இந்த இரட்டை வாயிலே வேர். பயனர் முகவரிப் பட்டையில் தளத்தின் பெயரை மட்டும் தட்டினால் அன்றைய உலாவி 80ஆம் வாயிலுக்கே போகும். அங்கிருந்து 443க்கு அனுப்பிவைப்பது தளத்தின் பொறுப்பாக இருந்தது.

பெரும்பாலான தளங்கள் அந்தப் பொறுப்பை உள்நுழைவுப் பக்கத்துக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் மட்டும் ஏற்றுக்கொண்டன. அதற்குக் காரணம் இருந்தது. சான்றிதழைப் பெரும்பாலும் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங்கில், சான்றிதழ் வைத்திருக்கும் தளத்துக்குத் தனி ஐபி முகவரியும் வாங்க வேண்டியிருந்தது. ஒரே முகவரியில் பல சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும் வசதி பிற்பாடு வந்தபோதும், விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது புரியாது. எக்ஸ்பி இருந்தவரை அந்தச் செலவும் இருந்தது.

கடவுச்சொல் போகும் பக்கத்தை மட்டும் குறியாக்கி, அதன் பிறகு பயனரைச் சாதாரண வழிக்கு அனுப்பிவிடுவதில் என்ன ஆபத்து என்பதை ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த காலின் ஜாக்சனும் ஆடம் பார்த்தும். 2008இல் பெய்ஜிங்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் அவர்கள் முன்வைத்த ‘ஃபோர்ஸ்எச்டிடிபிஎஸ்’ என்ற ஆய்வு ஃபயர்ஃபாக்ஸுக்கான ஒரு நீட்சியோடு வந்தது. தன்னோடு எப்போதும் குறியாக்கத்திலேயே பேச வேண்டும் என்று தளம் உலாவியிடம் ஒருமுறை சொல்லிவைக்கலாம். உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, சாதாரண வழிக்கான கோரிக்கையைத் தன் பக்கத்திலேயே மாற்றிவிடும். பிற்காலத் தீர்வுகள் அனைத்தின் கருவும் இதில் இருக்கிறது. அன்று அதைக் கவனித்தவர்கள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

கவனிக்க வைத்தது அடுத்த ஆண்டு நடந்த ஒரு செய்முறை. 2009 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த பிளாக் ஹேட் கூட்டத்தில் மாக்ஸி மார்லின்ஸ்பைக் ‘எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப்’ என்ற கருவியைக் காட்டினார். குறியாக்கத்தை அது உடைக்கவில்லை. குறியாக்கத்தைத் தொடங்கவே விடவில்லை. பயனருக்கும் சர்வருக்கும் இடையில் உட்கார்ந்துகொள்ளும் தாக்குநர், 80ஆம் வாயிலுக்குப் போகும் முதல் கோரிக்கையைப் பிடித்துக்கொள்வார். சர்வரோடு அவர் எச்டிடிபிஎஸ்ஸில் பேசுவார். பயனருக்குத் திருப்பித் தரும் பக்கத்தில் எச்டிடிபிஎஸ் இணைப்புகளையெல்லாம் எச்டிடிபியாக மாற்றிவிடுவார். சர்வரின் கண்ணுக்கு எல்லாம் முறையாகவே நடக்கும். உலாவியும் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் தவறான சான்றிதழ் எதுவும் அதன் முன் வரவில்லை. முகவரிப் பட்டையில் தளத்தின் சின்னம் தோன்றும் இடத்தில் ஒரு பூட்டுப் படத்தையும் வைத்துவிட்டால் பயனருக்குச் சந்தேகமே எழாது.

தளத்தின் பக்கத்தில் மட்டும் வேலை செய்யும் எந்தச் செருகுநிரலாலும் இந்த முதல் கோரிக்கையைக் காப்பாற்ற முடியாது. திருப்பிவிடும் உத்தரவு அந்தக் கோரிக்கைக்கான பதிலாகத்தான் போகிறது. இடையில் இருப்பவர் அந்தப் பதிலைப் பயனரிடம் சேர்க்காமலே விட்டுவிடலாம். ஆகவே ஒரு கட்டாயச் செருகுநிரலை மதிப்பிடுபவர் முதலில் கேட்க வேண்டியது, அது திருப்பிவிடுகிறதா என்பதை அல்ல; முதல் முறைக்குப் பிறகான வருகைகளில் அந்த இடைவெளியை மூட அது என்ன செய்கிறது என்பதை.

2010இல் சூழ்நிலை வேகமாக மாறியது. ஜனவரியில் கூகுள், சீனாவிலிருந்து தன் மீது நடந்த ஊடுருவலை வெளிப்படுத்திய அதே நாளில், ஜிமெயில் முழுவதையும் இயல்பாகவே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அக்டோபரில் சான் டியாகோவில் எரிக் பட்லர் ‘ஃபயர்ஷீப்’ நீட்சியை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபையில் அருகில் இருப்பவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் குக்கிகளைப் பிடித்து, பெயரும் படமுமாகப் பக்கவாட்டில் வரிசைப்படுத்தும். ஒன்றைச் சொடுக்கினால் அவரது கணக்குக்குள் போய்விடலாம். கடவுச்சொல்லை மட்டும் குறியாக்கினால் போதும் என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது. உள்நுழைந்த பிறகு பயனரை அடையாளம் காட்டுவது குக்கிதான். அது ஒவ்வொரு கோரிக்கையோடும் திறந்த வெளியில் போய்க்கொண்டிருந்தது.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையில், 2010 ஜூனில், எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷனும் டோர் திட்டமும் சேர்ந்து ‘எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர்’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியின் சோதனைப் பதிப்பை வெளியிட்டன. அதன் உயிர் நிரலில் இல்லை, விதிகளில் இருந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு: எந்த முகவரிக்கு இது பொருந்தும், எப்படி வரும் முகவரியை எப்படி மாற்ற வேண்டும், எவற்றைத் தொடக்கூடாது, எந்தக் குக்கிகளுக்குப் பாதுகாப்புக் குறி இட வேண்டும் என்ற வரிகள் அதில் இருந்தன. எளிய தளங்களுக்கு முன்னொட்டை மாற்றும் ஒரே வரி போதும். விக்கிப்பீடியாவுக்கு அது போதவில்லை. குறியாக்கப்பட்ட விக்கி அப்போது வேறொரு முகவரியில், விக்கிமீடியாவின் தனிப் பாதுகாப்புச் சர்வரில் இருந்தது. ஆகவே முகவரியின் தொடக்கத்திலுள்ள இரண்டெழுத்து மொழிக்குறியைப் பிரித்தெடுத்து, அந்தச் சர்வரின் பாதைக்குள் பொருத்தும் விதி எழுதப்பட்டது. ஆங்கிலத்துக்கு எழுதிய அதே விதி தமிழ் விக்கிப்பீடியா படித்தவரையும் பாதுகாத்தது. 2011 அக்டோபரில் விக்கி தன் சொந்த முகவரிகளிலேயே எச்டிடிபிஎஸ்ஸைத் தந்தபோதுதான் இந்தச் சுற்றுவழி ஓய்ந்தது.

இந்த நீட்சி வெளிவந்த ஏழு மாதங்களுக்குள் துனிசியாவில் நடந்தவை அதன் தேவையை யாரும் மறுக்க முடியாதபடி காட்டின. 2011 ஜனவரியில், மக்கள் எழுச்சி உச்சத்தில் இருந்தபோது, நாட்டின் இணையச் சேவை வழங்குநர்கள் வழியாகச் சென்ற ஃபேஸ்புக், ஜிமெயில், யாகூ உள்நுழைவுப் பக்கங்களில் அந்நியமான ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. பயனர் தட்டும் பெயரையும் கடவுச்சொல்லையும் அவை பிரித்தெடுத்தன. உள்நுழைவுப் படிவம் சாதாரண எச்டிடிபியில் வந்ததால்தான் அது முடிந்தது. படிவத்தை நிரப்பி அனுப்பும் இடம் எச்டிடிபிஎஸ் என்பதால் பயன் ஏதும் இல்லை. ஃபேஸ்புக் துனிசியாவிலிருந்து வந்த கோரிக்கைகளை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பியது. அதே மாதம் எல்லாப் பயனர்களுக்கும் அதை ஒரு தெரிவாக வைத்தது. இயல்பு நிலையாக்கும் வேலை 2013இல்தான் முடிந்தது.

ஆனால் கட்டாயப்படுத்தியும் காக்க முடியாத ஒன்று உண்டு என்பதை 2011இல் ஈரான் காட்டியது. டச்சுச் சான்றிதழ் நிறுவனமான டிஜிநோட்டாருக்குள் புகுந்தவர்கள் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கிக்கொண்டனர். அவற்றில் ஒன்று கூகுளின் எல்லாத் துணைத்தளங்களுக்கும் செல்லுபடியாவது. அதை எதிர்கொண்ட ஏறத்தாழ மூன்று லட்சம் முகவரிகளில் மிகப் பெரும்பாலானவை ஈரானில் இருந்தவை. எச்டிடிபிஎஸ்ஸை மட்டும் கட்டாயமாக்கும் நிரல் இங்கே எதையும் கண்டுபிடித்திருக்காது, ஏனென்றால் இணைப்பு முறைப்படி குறியாக்கப்பட்டே இருந்தது. கூகுளின் உண்மையான சான்றிதழ்கள் எவை என்பதைக் குரோம் தனக்குள்ளேயே பதித்து வைத்திருந்ததால்தான் ஈரானியப் பயனர் ஒருவருக்கு எச்சரிக்கை கிடைத்து விஷயம் வெளியே வந்தது. டிஜிநோட்டார் செப்டம்பரில் திவாலானது. எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர் அடுத்த ஆண்டு, பயனர் விரும்பினால் தான் காணும் சான்றிதழ்களைப் பொது ஆய்வுக்கு அனுப்பும் வசதியைச் சேர்த்துக்கொண்டது.

அந்த நீட்சியின் பாதுகாப்பை மதிப்பிட்டவர்களுக்கு நிரலைவிட விதிகளே கவலை தந்தன. பயனர் திறக்கும் ஒவ்வொரு முகவரியையும் மாற்றும் உரிமை அதற்கு உண்டு. ஒரு தவறான விதி ஒரு தளத்தையே செயலிழக்கச் செய்யலாம், தீய நோக்கமுள்ள விதி பயனரை வேறெங்கோ கொண்டுபோகலாம். 2018இல் விதிகளை நீட்சியின் புதிய பதிப்புக்காகக் காத்திராமல் தனியாகப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு தொகுப்பையும் எண்மக் கையொப்பமிட்டு அனுப்பியதற்கு இதுவே காரணம். கையொப்பம் சரியில்லாத தொகுப்பை நீட்சி ஏற்காது. பிற்காலச் செருகுநிரல்கள் பலவற்றிடம் இந்தக் கண்டிப்பு இருக்கவில்லை.

தளத்தின் பக்கத்தில் நிலையான தீர்வு 2012 நவம்பரில் வந்தது. ஜாக்சன், பார்த், ஜெஃப் ஹாட்ஜஸ் மூவரும் எழுதிய 6797ஆம் எண் இணையத் தர ஆவணம், பழைய ஃபோர்ஸ்எச்டிடிபிஎஸ் கருத்தை எச்எஸ்டிஎஸ் என்ற பொதுத் தரமாக்கியது. தளம் தன் பதிலில் ஒரு தலைப்பு வரியைச் சேர்க்கிறது. அதில் ஒரு கால அளவு இருக்கும். வழக்கமாக எழுதப்படும் 31536000 என்ற எண், ஓராண்டுக்கான வினாடிகள். அந்தக் காலம் முடியும்வரை உலாவி அந்தத் தளத்தின் 80ஆம் வாயிலைத் தொடாது. சான்றிதழ் பிழை வந்தால் மீறிப்போகும் பொத்தானையும் தராது. முதல் வருகையையும் காக்க விரும்பும் தளங்கள் உலாவியோடு சேர்ந்தே வரும் முன்பதிவுப் பட்டியலில் இடம்பெறலாம். பட்டியலில் சேர்வதைவிட வெளியேறுவது கடினம். மாற்றம் எல்லாப் பயனர்களின் உலாவிக்கும் போய்ச்சேர மாதங்கள் ஆகும்.

2015 செப்டம்பரில் முதல் சான்றிதழை வழங்கி, டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ காசுத் தடையைத் தகர்த்தது. 90 நாள் செல்லும் சான்றிதழ், இலவசமாக, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் முறையில். கூகுள் 2014 ஆகஸ்டிலேயே தேடல் வரிசையில் எச்டிடிபிஎஸ்ஸுக்குச் சிறு சலுகை அறிவித்திருந்தது. 2017 ஜனவரியில் கடவுச்சொல் கேட்கும் எச்டிடிபி பக்கங்களையும், 2018 ஜூலையில் எச்டிடிபி பக்கங்கள் அனைத்தையும் குரோம் பாதுகாப்பற்றவை என்று குறிக்கத் தொடங்கியது. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, ஆனால் பத்தாண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளும் படங்களும் எச்டிடிபி முகவரிகளைச் சுமந்தபடி தரவுத்தளத்தில் கிடந்தன. வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்த லட்சக்கணக்கானோர் அப்போதுதான் தளத்துக்குள் பொருத்தும் செருகுநிரலைத் தேடிப் போனார்கள். நெதர்லாந்தில் உருவான ‘ரியலி சிம்பிள் எஸ்எஸ்எல்’ அவற்றில் மிகப் பரவலானது.

அது செய்த வேலை மூன்று. எச்டிடிபி கோரிக்கைக்கு 301 எண்ணுள்ள நிரந்தரத் திருப்பு உத்தரவைத் தருவது முதலாவது. தளத்தின் முகவரியை அமைப்புகளில் மாற்றுவது இரண்டாவது. மூன்றாவது நுட்பமானது: பக்கம் தயாரான பிறகு, வெளியே போகும் முன், அந்த மூலநிரலை நினைவகத்தில் நிறுத்திவைத்து எச்டிடிபி இணைப்புகளை எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றுவது. பூட்டிட்ட பக்கத்துக்குள் பூட்டில்லாத ஸ்கிரிப்ட் இருந்தால் உலாவிகள் அதைத் தடுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் 2013 ஆகஸ்டிலிருந்தே அப்படிச் செய்தது. தரவுத்தளத்தைத் தொடாமலே அந்தத் தடையைத் தாண்ட இந்த மாற்று உதவியது. அதே காரணத்தால், செருகுநிரலை நிறுத்தினால் பழைய இணைப்புகள் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இங்கே மதிப்பீடு கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு இறங்க வேண்டும். திருப்பு உத்தரவைப் பிஎச்பி நிரல் தருகிறதா, சர்வரின் அமைப்புக் கோப்பு தருகிறதா? பிஎச்பி தந்தால், அந்த நிரலைத் தொடாமல் நேரடியாகப் பரிமாறப்படும் படங்களும் ஆவணங்களும் திருப்பப்படாது. தற்காலிக நகலிலிருந்து பரிமாறப்படும் பக்கங்களும் தப்பிவிடலாம். உள்நுழைவுக் குக்கி பாதுகாப்புக் குறியோடு போகிறதா? இல்லையென்றால் ஒரே ஒரு எச்டிடிபி படக் கோரிக்கையோடும் அது திறந்த வெளியில் போகும். ஃபயர்ஷீப்புக்கு வேண்டியதும் அதுதான்.

தளத்துக்கு முன்னால் ஓர் இடைச்சர்வர் நிற்கும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. கிளவுட்ஃபிளேர் 2014 செப்டம்பரில் இலவசக் குறியாக்கத்தை அறிமுகப்படுத்தியபோது தந்த தெரிவுகளில் ஒன்றில், பயனரிலிருந்து கிளவுட்ஃபிளேர்வரை மட்டும் குறியாக்கம். அங்கிருந்து மூலச் சர்வர்வரை திறந்த போக்குவரத்து. இப்படிப்பட்ட தளத்தில் கட்டாயச் செருகுநிரல் ஒவ்வொரு கோரிக்கையும் எச்டிடிபியில் வருவதாக எண்ணித் திருப்பிவிட, அது மீண்டும் எச்டிடிபியிலேயே வந்துசேர, முடிவில்லாத சுழற்சி உண்டாகும். அதைத் தீர்க்க, இடைச்சர்வர் அனுப்பும் ஒரு தலைப்பு வரியை நம்பி, இணைப்பு குறியாக்கப்பட்டதுதான் என்று வேர்ட்பிரஸிடம் சொல்லும் வரிகளை அமைப்புக் கோப்பில் சேர்ப்பார்கள். சுழற்சி நின்றுவிடும், பூட்டும் தெரியும். ஆனால் பாதையின் பின்பாதி திறந்தே கிடக்கும். பயனரின் உலாவியிலிருந்து மட்டும் பார்த்து நற்சான்று தரும் எந்த மதிப்பீடும் இதைத் தவறவிடும். இத்தகைய தளங்களில் இதுவே மிகவும் கவலைக்குரிய குறை.

இன்னொரு கேள்வி செருகுநிரலின் அதிகாரம் பற்றியது. வேர்ட்பிரஸில் செருகுநிரல்களுக்குத் தனிக் கட்டுக்காவல் இல்லை. ஒன்றைப் பொருத்தினால் அது தரவுத்தளத்தைப் படிக்கலாம், கோப்புகளைத் திருத்தலாம், பயனர்களை உருவாக்கலாம். வாசலுக்குத் தாழ்ப்பாள் போட வந்தவரிடம் வீட்டின் சாவிக்கொத்தையே கொடுப்பது போன்றது இது. 2017 டிசம்பரில், மூன்று லட்சம் தளங்களில் இருந்த ஒரு கேப்சா செருகுநிரல் கைமாறிய பிறகு அதன் புதுப்பிப்பில் பின்கதவு நுழைக்கப்பட்டது வெளிவந்தது. அன்றிலிருந்து, செருகுநிரல் யார் கையில் இருக்கிறது என்பதும் மதிப்பீட்டின் பகுதியாகிவிட்டது.

2021 மார்ச்சில் வந்த வேர்ட்பிரஸ் 5.7, எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறும் வேலையை ஒரே சொடுக்கில் தானே செய்யத் தொடங்கியது. பழைய இணைப்புகளைக் காட்டும்போது மாற்றும் வேலையையும் அதுவே ஏற்றது. உலாவிகளும் அதே பாதையில் வந்தன. ஃபயர்ஃபாக்ஸ் 2020 நவம்பரில் எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற தெரிவைத் தந்தது. குரோம் 2021 ஏப்ரலில், பெயரை மட்டும் தட்டினால் முதலில் எச்டிடிபிஎஸ்ஸை முயலத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் தன் நீட்சியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. தன் வேலை உலாவிக்குள் போய்விட்டதால் விலகிக்கொண்ட மென்பொருள்கள் அரிது. இது பாராட்டத்தக்க முடிவு.

தளச் செருகுநிரல் வேறு வழியில் போனது. அடிப்படை வேலை குறைந்தபோது அது மற்ற பாதுகாப்பு வசதிகளைச் சேர்த்துக்கொண்டது. 2024இல் ‘ரியலி சிம்பிள் செக்யூரிட்டி’ என்று பெயரும் மாறியது. அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று வேர்ட்ஃபென்ஸ் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் அதில் கண்டுபிடித்த ஓட்டைக்கு 10க்கு 9.8 என்ற தீவிர மதிப்பு தரப்பட்டது. அப்போது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்தச் செருகுநிரல் இயங்கியது.

ஓட்டை இருந்தது குறியாக்கப் பகுதியில் அல்ல, 9.0.0 பதிப்போடு வந்த இரட்டைச் சரிபார்ப்பில். அதை அமைக்காமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப்போகும் வழிக்கு வரும் கோரிக்கையில் இரண்டு விவரங்கள் வேண்டும்: பயனரின் வரிசை எண், உள்நுழைவின்போது தரப்பட்ட ஒருமுறைக் குறியீடு. இரண்டையும் சரிபார்க்க ஒரு செயற்கூறு இருந்தது. குறியீடு தவறென்றால் அது பிழைச் செய்தியையும் சரியாகவே திருப்பித் தந்தது. ஆனால் அதை அழைத்த நிரல், திரும்பி வந்தது பயனரா பிழையா என்று பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போய், கோரிக்கையில் இருந்த வரிசை எண்ணுக்கு உரியவரை உள்ளே விட்டது. வேர்ட்பிரஸ் தளங்களில் முதல் நிர்வாகியின் எண் பெரும்பாலும் 1. ஆக, கடவுச்சொல்லே இல்லாமல், ஒரு பொய்க் குறியீட்டோடும் 1 என்ற எண்ணோடும் ஒரே கோரிக்கை அனுப்பினால் நிர்வாகியாகிவிடலாம். இரட்டைச் சரிபார்ப்பு இயல்பாக அணைந்திருந்ததால், அதை விரும்பி இயக்கிய தளங்களே, அதாவது கூடுதல் கவனத்தோடு இருந்தவர்களே, ஆபத்துக்கு உள்ளானார்கள்.

கட்டணப் பதிப்பு நவம்பர் 12 அன்றும் இலவசப் பதிப்பு 14 அன்றும் 9.1.2க்குத் திருத்தப்பட்டன. உரிமையாளர்கள் புதுப்பிக்கட்டும் என்று காத்திராமல், வேர்ட்பிரஸ்.ஆர்க் அணியின் உதவியோடு திருத்தம் தளங்களுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு போய்ச்சேராத தளங்களின் உரிமையாளர்கள் பதிப்பு எண்ணைத் தாமே சரிபார்க்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட செருகுநிரல் ஒன்றை இன்று மதிப்பிடும் நிர்வாகி, அது இல்லாமலே அந்த வேலை நடக்குமா என்று முதலில் பார்ப்பது முறை. சர்வர் அமைப்பில் சில வரித் திருப்பு உத்தரவு, எச்எஸ்டிஎஸ் தலைப்பு வரி, நிர்வாகப் பகுதியைக் குறியாக்கத்தோடு கட்டிப்போட 2008இலேயே வேர்ட்பிரஸ் 2.6 தந்த மாறிலி ஆகியவை பெரும்பாலான தளங்களுக்குப் போதும். செருகுநிரலை நீக்குவதானால் அது எழுதிவைத்த வரிகள் சர்வரின் அமைப்புக் கோப்பிலும் வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பிலும் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எச்எஸ்டிஎஸ் இயக்கப்பட்டிருந்தால், வந்துபோன பயனர்களின் உலாவிகள் அதைக் குறித்த காலம்வரை நினைவில் வைத்திருக்கும். அதற்குள் சான்றிதழ் காலாவதியானால் அவர்களுக்குத் தளம் திறக்காது. விலக்கிக்கொள்ள விரும்பும் தளம், கால அளவைச் சுழியமாக எழுதிய தலைப்பு வரியை எச்டிடிபிஎஸ் வழியாகவே அனுப்ப வேண்டும். அதைப் பெற மீண்டும் வரும் உலாவிகள்தான் பழைய கட்டளையை மறக்கும்.